கிணற்றுத் தண்ணீரை அளக்கும் பெட்டி: வன்னிப் பாடசாலைகள் எதை வாங்கலாம், எதை விடலாம்

வன்னியில் ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் "நல்ல தண்ணி", "கொஞ்சம் சவர்", "சவர்க்காரம் நுரைக்காது", "கேத்திலில் வெள்ளையாய்ப் படியும்" என்று வீட்டுக்காரர் யோசிக்காமலே சொல்லிவிடுவார். எல்லாம் நல்ல அவதானிப்புகள். சவர் என்பது கரைந்த உப்பு. நுரைக்காததும் படிவதும் வன்மை, அதாவது கரைந்த கல்சியமும் மக்னீசியமும். ஆனால் பிள்ளைகளின் பல்லில் கபில நிறக் கறையை விட்டுச்செல்லும் புளோரைட்டு, கிணற்றில் இருக்கும் அளவுகளில் நிறமோ மணமோ ருசியோ காட்டாது. நைத்திரேற்றும் அப்படித்தான். நாக்குக்குத் தெரியாததைக் கருவியால்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கென்று பாடசாலைகளுக்கு விற்கப்படும் நீர்ச்சோதனைப் பெட்டிகளைப் பற்றியது இந்த மதிப்புரை. கம்பனிக்குக் கம்பனி பெயர் வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் எவ்வளவு மின்னைக் கடத்துகிறது என்று பார்க்கும் கடத்துதிறன் பேனா ஒன்று, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். பேனா ஒன்று, துளி எண்ணி வன்மை பார்க்கும் சிறு போத்தல்கள், பத்துப் பதினாறு விடயங்களை ஒரே தரத்தில் காட்டுவதாகச் சொல்லும் காகிதப் பட்டிகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழுப் பெட்டியாக வாங்க வேண்டாம். பாடசாலைக்கு ஒன்றாகவும் வாங்க வேண்டாம். ஐந்தாறு பாடசாலைகள் சேர்ந்து தேவையான துண்டுகளை மட்டும் வாங்கி, ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தோடு கை கோத்தால் அந்தக் காசு வேலை செய்யும். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் பெட்டி அலுமாரிக்குள் போய்விடும்.

பல பாடசாலைகள் சேர வேண்டியதன் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவின் உட்பகுதிகளிலும் தண்ணீர் கடும்பாறைக்கு மேலே உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலும் நிற்கிறது. மன்னாரிலும் பூநகரிப் பக்கமும் சுண்ணாம்புக்கல்லும் மணலும். முருங்கனில் கரிய களிமண். கரையோரக் கிராமங்களில் உவர்நீருக்கு மேலே மணலுக்குள் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. இப்படி இருக்கையில் நான்கு கிணற்றை அளந்து "வன்னித் தண்ணீர் இப்படி" என்று எவரும் எழுத முடியாது. நூற்றுக்கணக்கான கிணறுகள் வேண்டும், வருடத்தில் இரண்டு தடவை, ஒரே முறையில். அத்தனை கிணற்றடிக்கும் நடந்து போகக்கூடிய ஆட்கள் பாடசாலைப் பிள்ளைகள்தான்.

இனி ஒவ்வொரு துண்டாகப் பார்ப்போம்.

கடத்துதிறன் பேனாவை முதலில் வாங்குங்கள். பெட்டியில் இருப்பவற்றுள் காசுக்கு மிகக் கூடிய பயன் தருவது இதுதான். ஆனால் திரையில் பி.பி.எம். (லீற்றருக்கு மில்லிகிராம்) என்று வரும் எண்ணை அப்படியே பதிவேட்டில் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பேனா உப்பை நிறுப்பதில்லை. இரண்டு மின்வாய்களுக்கு இடையே எவ்வளவு மின் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. சில பேனாக்களில் அந்தக் காரணி 0.5, சிலதில் 0.7. ஒரு கிணற்றின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 900 மைக்ரோசீமன் என்று வையுங்கள். ஒரு பாடசாலையின் பேனா 450 பி.பி.எம். என்று காட்டும், பக்கத்துப் பாடசாலையின் பேனா 630 என்று காட்டும். குடிநீருக்கான இலங்கைக் கட்டளை எஸ்.எல்.எஸ். 614-இல் மொத்தக் கரைந்த திண்மங்களுக்கு எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். ஒரே வாளித் தண்ணீர் ஓரிடத்தில் சித்தி, மற்ற இடத்தில் சித்தியில்லை. பேனா இரண்டும் பழுதில்லை. எனவே கடத்துதிறனையே மைக்ரோசீமனில் காட்டக்கூடிய, வெப்பநிலைத் திருத்தம் உள்ள, அளவுதிருத்தம் (பெறுமானம் தெரிந்த கரைசலில் வைத்துச் சரிசெய்தல்) செய்யக்கூடிய பேனாவை மட்டும் எடுங்கள். பி.பி.எம். மட்டும் காட்டும் பேனா எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அளவுதிருத்தக் கரைசலைக் கடையில் பைக்கற்றாக வாங்க வேண்டிய தேவையில்லை. 105 பாகையில் உலர்த்திய பொற்றாசியம் குளோரைட்டு 0.7456 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, கனமானக் குடுவையில் சரியாக 1 லீற்றராக்கினால் 0.01 மூலர்க் கரைசல் கிடைக்கும். 25 பாகை செல்சியஸில் அதன் கடத்துதிறன் 1413 மைக்ரோசீமன். பாடசாலையில் உள்ள 0.01 கிராம் தராசில் 0.75 என்று நிறுத்தாலும் வழு ஒரு வீதத்தைச் சுற்றியே இருக்கும். அது பெரிய குற்றமில்லை. ஆனாலும் பத்துப் பாடசாலை பத்து விதமாகக் கரைப்பதை விட, நான்கு தசமத் தராசு உள்ள ஓர் ஆய்வுகூடம் ஒரு தடவை கரைத்து 100 மில்லிலீற்றர் போத்தல்களில் பிரித்துக் கொடுப்பது நல்லது. அப்போதுதான் மடுவில் அளந்த எண்ணையும் மல்லாவியில் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காவிட்டால் வாகனக் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரைப் பேனாவால் அளந்து பாருங்கள். 5 மைக்ரோசீமனுக்குள் இருந்தால் கழுவவும் கரைக்கவும் பாவிக்கலாம்.

வன்னி வெயிலில் இந்தக் கரைசலே 30 பாகையில் நிற்கும். திருத்தம் இல்லாத கருவி அப்போது 1550-ஐ ஒட்டிக் காட்டும், ஏனென்றால் பாகைக்கு ஏறக்குறைய இரண்டு வீதம் கூடும். திருத்தம் உள்ள பேனாவும் நனைத்த கையோடு சரியான எண்ணைத் தராது. நுனியில் இருக்கும் வெப்ப உணரி தண்ணீரின் சூட்டுக்கு வர ஒன்று இரண்டு நிமிடம் எடுக்கும். எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். மின்வாய்களுக்கு இடையே காற்றுக் குமிழி நின்றால் எண் திடீரென்று குறையும். குவளையின் ஓரத்தில் பேனாவை மெல்லத் தட்டினால் குமிழி போய்விடும். வன்னீரில் நெடுக அளந்தால் மின்வாயில் வெள்ளைப் படை கட்டும். பத்து நிமிடம் வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

இதே பேனாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊரில் உள்ள நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் வாரம் ஒரு தடவை அளந்தால் உப்பைத் தடுக்கும் மென்சவ்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். உள்ளே 1200, வெளியே 60 என்றால் 95 வீதம் நீக்கப்படுகிறது. அந்த வீதம் வாரத்துக்கு வாரம் இறங்கினால் சவ்வு கழுவ வேண்டிய அல்லது மாற்ற வேண்டிய காலம் வருகிறது. தரம் 10 மாணவர் ஒருவர் தனியாகவே செய்து வரைபு கீறக்கூடிய வேலை இது.

பி.எச். பேனாவில் அவ்வளவு தாராளமாகப் பேச முடியாது. அதன் கண்ணாடிக் குமிழ் எப்போதும் ஈரமாக, 3 மூலர் பொற்றாசியம் குளோரைட்டில் நிற்க வேண்டும். மூடிக்குள் இருக்கும் பஞ்சு ஒரு தவணை விடுமுறையில் காய்ந்தால் பேனா மந்தமாகிவிடும். சுத்தமான நீர்தானே நல்லது என்று காய்ச்சி வடித்த நீரில் வைத்தாலும் கெடும். நன்றாகப் பார்த்தாலும் மின்வாய்க்கு ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் போல் உப்புக் குறைந்த நீரில் எண் நிலைக்காமல் அலையும். அது கருவியின் பழுதல்ல, அயன்கள் போதாமை. கட்டளையின் எல்லை 6.5 முதல் 8.5 வரை, எங்கள் கிணறுகளில் பெரும்பாலானவை அதற்குள்தான் வரும். ஆகையால் பாடசாலைக் கூட்டத்துக்கு ஒரேயொரு நல்ல பி.எச். மானி போதும், அதையும் பொறுப்பான ஓர் ஆய்வுகூட உதவியாளரின் கையில் கொடுத்து. வாங்கினால் 6.86, 9.18 தாங்கற் கரைசல்களில் (பி.எச். தெரிந்த, இலகுவில் மாறாத கரைசல்கள்) அளக்கும் அன்று காலையிலேயே அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பி.எச். மட்டும் கிணற்றடியிலேயே அளக்கப்பட வேண்டும். போத்தலில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுவருவதற்குள் காபனீரொட்சைட்டு வெளியேறி எண் ஏறிவிடும்.

வன்மைதான் இந்தப் பெட்டியின் உயிர். கல்வி என்று பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் பிள்ளைகள் கூடப் படிக்கிறார்கள். ஆனால் பெட்டியோடு வரும் துளிப் போத்தல் அதற்குப் போதாது. அதில் 5 மில்லிலீற்றர் நீரில் ஒரு துளி என்பது ஒரு ஜேர்மன் பாகை, அதாவது லீற்றருக்கு 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று. இலங்கைக் கட்டளையின் எல்லை 250. பதினான்கு துளியில் நிறம் மாறினால் 249, பதினைந்தில் மாறினால் 267. ஒரு வீட்டாருடைய தண்ணீர் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பது ஒரு துளியில் தொங்குகிறது, அந்தத் துளியின் பருமனோ போத்தலை நிமிர்த்திப் பிடித்தால் ஒன்று, சரித்துப் பிடித்தால் இன்னொன்று. கிணற்றடியில் முன்கூட்டியே ஒரு மதிப்பீடு எடுக்க அது உதவும். அதற்கு மேல் அதைக் கேட்கக் கூடாது.

அந்தக் காசில் ஈ.டி.டி.ஏ. நியமிப்புக்கு, அதாவது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு வன்மையை அளக்கும் முறைக்கு, வேண்டியதை வாங்குங்கள். உயர்தர இரசாயன ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில் அளவி, குழாயி, கூம்புக் குடுவை எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஈ.டி.டி.ஏ.யின் இருசோடியம் உப்பு 3.723 கிராமை 1 லீற்றரில் கரைத்தால் 0.01 மூலர். 50 மில்லிலீற்றர் தண்ணீரை எடுத்து, பி.எச். 10 தாங்கற் கரைசல் 1 முதல் 2 மில்லிலீற்றர் விட்டு, எரியோகுரோம் கறுப்புக் காட்டி சிறிது சேர்த்தால் செவ்வூதா நிறம் வரும். அளவியிலிருந்து மெதுவாக விட விட அது மங்கி, கடைசிச் சிவப்பும் போய்த் தெளிந்த நீலமாகும் கணம்தான் முடிவுப் புள்ளி. செலவான மில்லிலீற்றரை 20-ஆல் பெருக்கினால் வன்மை. 14.6 மில்லிலீற்றர் என்றால் 292. அளவியின் ஒரு துளி 0.05 மில்லிலீற்றர், அதாவது வன்மையில் 1 மில்லிகிராம். துளிப் போத்தலின் 17.8-ஓடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே பிழைக்கும் இடங்கள் அதிகம். தாங்கற் கரைசலில் இருப்பது அமோனியா. மூடி இறுகாவிட்டால் அது பறந்து, பி.எச். 10-க்குக் கீழே இறங்கி, நீலம் வராமல் ஊதாவிலேயே இழுபடும். திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதைச் செய்யச் செறிந்த அமோனியா வேண்டும் என்பதால் பாடசாலையில் செய்யாமல் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் செய்து 100 மில்லிலீற்றராக எடுத்துவருவதே பாதுகாப்பு. காட்டியைக் கரைசலாக வைத்தால் சில நாட்களில் கெட்டுவிடும், 0.5 கிராமை 100 கிராம் சுத்தமான சோடியம் குளோரைட்டோடு உரலில் அரைத்துத் தூளாக வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், ஒரு சிட்டிகை போதும். தாங்கற் கரைசல் விட்டபின் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். தாமதித்தால் வன்னீரில் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகி, முடிவுப் புள்ளி வந்தது போல் நீலமாகி, சற்று நேரத்தில் மறுபடி சிவக்கும். "நிறம் திரும்பி வருகிறது" என்று மாணவர் சொன்னால் காரணம் அதுவாக இருக்கலாம். இரும்பு கூடிய குழாய்க்கிணற்று நீரில் காட்டி மாட்டுப்பட்டு நிறமே மாறாது. அந்த மாதிரியைக் குறித்துவைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கண்ணாடிப் போத்தலில் வைத்தால் கண்ணாடியிலிருந்தே கல்சியம் இறங்கிச் செறிவு மாறும், பிளாஸ்ரிக் போத்தல் வேண்டும். ஒரு கிணற்றுக்கு மூன்று நியமிப்பு, அளவி கழுவல் எல்லாம் சேர்த்து 60 மில்லிலீற்றர் செலவாகும். ஒரு லீற்றர் பதினாறு கிணற்றுக்குச் சரி.

காகிதப் பட்டிகளை வாங்க வேண்டாம், முக்கியமாகப் புளோரைட்டுக்கு. இலங்கைக் கட்டளையின் எல்லை லீற்றருக்கு 1.0 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 1.5. நாங்கள் அறிய வேண்டியது 0.8-க்கும் 1.3-க்கும் உள்ள வித்தியாசம். பல பட்டிகளில் பூச்சியத்துக்கு அடுத்த நிறப் படியே இதைத் தாண்டி நிற்கிறது. அப்படியான பட்டியைப் பார்த்து "புளோரைட்டு இல்லை" என்று ஒரு தாய்க்குச் சொல்வது, சொல்லாமல் விடுவதை விடக் கேடு. நிறமானியில் சரியாக அளக்கும் முறை உண்டு, ஆனால் அதன் சோதனைப் பொருட்களில் செறிந்த அமிலமும் ஆசனிக்குச் சேர்வையும் வருவதுண்டு. அவை பாடசாலைக்குள் வரவே கூடாது. நல்ல செய்தி என்னவென்றால் புளோரைட்டுக்கு அவசரம் இல்லை. சுத்தமான பொலித்தீன் போத்தலில் எடுத்த மாதிரி, எந்தப் பாதுகாப்புப் பொருளும் இல்லாமல் 28 நாள் தாங்கும். கண்ணாடிப் போத்தல் மட்டும் ஆகாது. பஸ்ஸில் கொடுத்துவிட்டாலும் பழுதாகாத மாதிரி இது.

நைத்திரேற்று அப்படியல்ல. 4 பாகைக்குக் குளிராக்கி 48 மணித்தியாலத்துக்குள் அளக்க வேண்டும். ஐஸ் பெட்டி இல்லாத நாளில் எடுக்க வேண்டாம். முடிவு வரும்போது அலகைக் கவனியுங்கள்: சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகவும் சில நைதரசனாகவும் தரும். நைதரசனாக 10 என்றால் நைத்திரேற்றாக 44. கட்டளையின் எல்லை நைத்திரேற்றாக 50. இந்த அலகுக் குழப்பத்தால் நல்ல கிணறு கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் மாறிப்போகும்.

கிருமியைப் பற்றி இந்தப் பெட்டியில் எதுவும் இல்லை. எண்கள் எல்லாம் எல்லைக்குள் இருந்தாலும் மலசலகூடத்துக்குப் பக்கத்துக் கிணறு ஆபத்தாக இருக்கலாம். அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போக வேண்டும்.

அடுத்தது ஆய்வுகூடத்தோடு சேரும் வேலை. பெட்டியின் விலையில் இது வராது, ஆனால் பெட்டியின் பெறுமதி இதில்தான் தங்கியிருக்கிறது. வன்னிக்குள்ளேயே இரண்டு வாசல்கள் உள்ளன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள். பம்பைமடுவில், 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட வவுனியாப் பல்கலைக்கழகம். முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் சொந்தப் பல்கலைக்கழகம் இல்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் உள்ள பாடசாலைகளுக்கு அறிவியல் நகர் வசதி, மடு, நெடுங்கேணிப் பக்கத்துக்குப் பம்பைமடு. வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாகப் பீடாதிபதிக்குக் கடிதம் போகட்டும். "எங்களுக்கு உதவி செய்யுங்கள்" என்று மொட்டையாக எழுதாமல், என்ன கேட்கிறோம், என்ன தருகிறோம் என்று எழுதுங்கள். கேட்பது: அளவுதிருத்தக் கரைசல், தாங்கற் கரைசல், பத்தில் ஒரு மாதிரியை மீளளத்தல், புளோரைட்டு. தருவது: வருடத்தில் இரண்டு தடவை, ஒரே முறையில் எடுத்த, இடம் குறித்த கிணற்றுத் தரவு. இறுதியாண்டு ஆய்வு செய்யும் பல்கலைக்கழக மாணவருக்கு அது கிடைத்தற்கரிய பொருள்.

வேலை தொடங்குமுன் ஒரு பரீட்சை அவசியம், பிள்ளைகளுக்கல்ல, அளத்தலுக்கு. ஆய்வுகூடம் 5 லீற்றர் தண்ணீரைத் தயாரித்து, வன்மையும் கடத்துதிறனும் தெரிந்தபின், எண்ணைச் சொல்லாமல் 500 மில்லிலீற்றர் போத்தல்களில் பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாரும் அளந்து அனுப்புவார்கள். கடத்துதிறனில் 5 வீதத்துக்குள்ளும் வன்மையில் 10 மில்லிகிராமுக்குள்ளும் வந்தால் அந்தப் பாடசாலை கிணற்றடிக்குப் போகலாம். வராவிட்டால் காரணத்தைத் தேடுங்கள்: பேனாவா, கரைசலா, குழாயியை ஊதி வெளியேற்றும் பழக்கமா. பிள்ளைகள் இடைப்பெறுமானம், நியமவிலகல் எல்லாம் உயிரோடு படிப்பது இந்த நாளில்தான். பத்துப் பாடசாலையின் பத்து எண்களைக் கரும்பலகையில் எழுதினால் வழு என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

மாதிரி எடுப்பதில் ஒழுங்கு இதுதான்: குழாய்க்கிணறு என்றால் ஐந்து நிமிடம் இறைத்தபின் எடுக்க வேண்டும். போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலம்ப வேண்டும். கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை பாரம் கட்டிய நாடாவால் அளந்து, கட்டின் உயரத்தைக் கழிக்க வேண்டும். போத்தலில் குறியீடு மட்டும் எழுதுங்கள், வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம். பெயரும் குறியீடும் உள்ள தாள் அதிபரின் அலுமாரியில் இருக்கட்டும். எல்லை தாண்டிய எண் வந்தால் இரண்டாம் தடவை எடுத்து ஆய்வுகூடம் உறுதிசெய்யும் வரை எவருக்கும் சொல்லக் கூடாது. உறுதியானபின் கட்டாயம் சொல்ல வேண்டும், தமிழில், எழுத்தில், அடுத்து எங்கே போகலாம் என்பதோடு. கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். தண்ணீர் தந்த வீட்டுக்கு முடிவு போகாத ஆய்வை அடுத்த வருடம் ஊர் நம்பாது.

பெட்டியை ஒரு பாடசாலையில் வைத்தால் அந்த ஆசிரியர் இடமாற்றம் பெறும் நாளில் வேலை நின்றுவிடும். வலயத்தின் ஆசிரியர் மத்திய நிலையத்தில் வைத்து, திறப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள். கரைசல் போத்தல் ஒவ்வொன்றிலும் செய்த திகதியும் திறந்த திகதியும் இருக்கட்டும்.

ஆக, ஆறு பாடசாலைகள் உள்ள ஒரு கூட்டத்துக்கு வாங்க வேண்டியவை: கடத்துதிறன் பேனா ஆறு, உதிரியாக ஒன்று, பி.எச். மானி ஒன்று, ஈ.டி.டி.ஏ. உப்பு 100 கிராம், எரியோகுரோம் கறுப்பு மிகச் சிறிய போத்தல், 250 மில்லிலீற்றர் பொலித்தீன் போத்தல் நூறு, ஐஸ் பெட்டி ஒன்று. முதல் வருடத்தில் உணரிப் பலகைகளும் தன்னியக்கப் பதிவுக் கருவிகளும் வேண்டாம். கையால் அளந்த எண்ணை நம்பத் தெரிந்தபின் தொழினுட்பப் பிரிவு மாணவர் அவற்றைப் பூட்டட்டும். முதல் சுற்று காலபோக மழைக்கு முன், செப்ரெம்பரில், கிணறுகள் அடி தெரியும் நேரத்தில். இரண்டாவது மழை விட்டபின், பெப்ரவரியில், அதே கிணறுகளில். அதற்கு ஓகஸ்ட் முடியுமுன் ஒளித்த எண் போத்தல்கள் பாடசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.